தவணை தாண்டிய ஆறு

நூலகத்திலிருந்து மூன்றாவது குறுஞ்செய்தி.
ஆறு புத்தகங்கள், பதினொரு நாள் தாமதம்.
சரி, கொடுத்துவிடுகிறேன்.
அதற்கு முன் கொஞ்சம் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

டாம்பெரே நகரில் டிராம் ஓட்டுகிறேன்.
கடைசி நிறுத்தத்தில் வண்டி ஆறு நிமிடம் நிற்கும்.
இரண்டு நிமிடம் கழிப்பறைக்கு.
மிச்சம் நான்கு நிமிடம்
என் இலக்கிய வாழ்க்கை.

அதனால் நீள வாக்கியக்காரர்கள் மேல் எனக்கு
நியாயமே இல்லாத ஒரு கோபம் உண்டு.
அந்தத் தடித்த நாவலில் மணிக்கோபுரம் கட்டுகிறவன்
மூன்றாம் பக்கத்தில் படியேறத் தொடங்கினான்.
நவம்பர் முழுக்க ஏறினான்.
ஏரி ஓரம் உறைந்தது,
ஆர்மாஸுக்கு இரண்டு பல் விழுந்து ஒன்று முளைத்தது,
பனிக்காலணி ஒரு அளவு பெரிதாக வாங்கினோம்,
அவன் இன்னும் மேலே போய்ச் சேரவில்லை.
அற்புதமான நடை என்றாள்
காலை ஷிப்ட் சைமி.
நடைதான்.
நடந்துகொண்டே இருந்தது.

குழந்தை வளர்ப்பு நூலை எழுதியவருக்குப்
பிள்ளைகள் உண்டா என்று பின்னட்டையில் தேடினேன்.
இரண்டு பூனைகளோடு வசிக்கிறாராம்.
'குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனியுங்கள்.'
குனிந்தேன்.
ஹில்ப்பா என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்
கஞ்சிக்குள் போட்டாள்.
அதற்கு மேல் படிக்கவில்லை, படிக்க முடியவும் இல்லை.

பதினைந்து நிமிடச் சமையல்: பொய்.

துப்பறியும் கதையை ஒரே வாரத்தில் முடித்தேன்,
பிள்ளைகள் கவுக்கோவிடம் இருந்த வாரம்.
துப்பறிவாளர் விவாகரத்தானவர். குடிப்பார்.
விடியும்வரை மழையில் காரில் உட்கார்ந்து
ஒரு சன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்.
அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள்,
முதல் அத்தியாயத்தில் அவள் பெயர்கூட வருகிறது.
அந்த இரவுகளில் அவளுக்கு யார் சோறு போட்டார்கள்?
ஈரக் கையுறையை யார் காய வைத்தார்கள்?
முந்நூற்றெண்பது பக்கத்தில் ஒரு வரி இல்லை.
கொன்றது தபால்காரர்.
அதனால் எனக்கென்ன.

கவிதை நூலை
ஒல்லியாக இருந்ததால் எடுத்தேன், மறைப்பானேன்.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நான்கு வரி.
ஒருவர் யாருமில்லாத வீட்டில் விளக்கைப் போடுகிறார்,
அணைக்கிறார், மறுபடி போடுகிறார்.
எனக்குப் புரியவில்லை.
புரியாமலே நாற்பது விநாடி தாமதமாகக் கிளம்பினேன்.
கட்டுப்பாட்டு அறை கேட்டது:
"பதினேழாம் வண்டி, ஏதாவது கோளாறா?"
"கதவு" என்றேன்.
வேலையில் நான் சொன்ன ஒரே பொய்.
நல்ல கவிதை என்றுதான் நினைக்கிறேன்,
என்னிடம் கேட்காதீர்கள்.

ஆறாவது, பொத்தான் விற்கும் நீர்நாய்.
இதை மட்டும் அறுபது தடவையாவது படித்திருப்பேன்.
என் கருத்து: வியாபாரம் ஓடாது.
அந்தக் காட்டில் சட்டை போடுகிற ஆளே கிடையாது.
நரி வருகிறது, கடனுக்கு மூன்று கேட்கிறது,
நீர்நாய் கொடுத்துவிடுகிறது.
கணக்கும் எழுதுவதில்லை.
தூக்கக் கலக்கத்தில் ஒருநாள் நரியைத் தாண்டிப் போனேன்.
"நரி" என்றாள் ஹில்ப்பா,
கண்ணைக்கூடத் திறக்காமல்.

போன வாரம் அந்தப் பக்கத்தில்
காட்டுப்பழ ஜாம் கொட்டி
இரண்டு தாளும் ஒட்டிக்கொண்டன.
கத்தி விட்டுப் பார்த்தேன், கிழியத் தொடங்கியது, விட்டுவிட்டேன்.
இப்போதும் அந்த இடம் வந்ததும்
புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள்.
திறக்காத பக்கத்தை நான் வாசிக்கிறேன்,
மூன்று பொத்தான், ஒன்று பச்சை,
குரலைத் தாழ்த்தி, நரிக்கு என்று வைத்திருக்கும் குரலில்.
நேற்று ஒரு பொத்தானைக் கூட்டிச் சொன்னேன்.
யோசித்தாள். ஒப்புக்கொண்டாள்.

ஐந்தை இன்று வேலை முடிந்ததும் போட்டுவிடுகிறேன்.
நீர்நாய் தொலைந்துவிட்டது என்று சொல்லப் போகிறேன்.
விலையைச் சொல்லுங்கள்,
கட்டிவிடுகிறேன்.